கம்பெனிச் சோறு தின்ற மாடுகள்

கால்நடைத் துறையில் ஓய்வு பெற்ற நாங்களும், இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். போன மாதம் அதில் ஒரு பெண், ஆய்வாளராகச் சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகாதவள், ஒரு வீடியோ போட்டாள். பெங்களூரில் பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்து ரெண்டு நாட்டு மாடு வாங்கிக் கட்டியிருக்கிறார். பின்னணியில் புல்லாங்குழல் ஊத, மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். ஆசையை விட்டால் நிம்மதி என்கிறார். குழுவில் அத்தனை பேரும் கை தட்டி, இதயம் போட்டு, பூ போட்டுத் தள்ளிவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். அந்த ஆளுக்கு பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா என்று தட்டிவிட்டேன். அந்தப் பெண்ணே போன் பண்ணி, ஏன் சார் இவ்வளவு கோபம், நீங்கள் பார்த்தது ஏதாவது இருந்தால் எழுதுங்கள், படிக்கிறோம் என்றாள். மரியாதை தெரிந்த பெண். அவளுக்காகத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் இதயம் போட வேண்டாம்.

என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்து ஆள் நான், கால்நடை ஆய்வாளர். பயிற்சியில் தடுப்பூசி போடவும், சினை ஊசி போடவும், சின்னக் காயத்துக்குக் கட்டுப் போடவும் கற்றுக்கொடுத்தார்கள். மாட்டுக்காரனிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதை நானாக உதை வாங்கிக் கற்றுக்கொண்டேன், மாட்டிடமும் மனுஷனிடமும். நாலைந்து ஊர் சுற்றிவிட்டு சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு கிளை நிலையத்துக்கு மாற்றலாகி வந்தபோது தலையில் பாதி நரைத்துவிட்டது. கிளை நிலையம் என்றால் ஒரு அறை, ஒரு மேசை, சினை ஊசி மருந்து வைக்கும் நைட்ரஜன் கேன் ஒன்று, வாசலில் மாட்டை நிறுத்த ஒரு இரும்புக் கூண்டு. அவ்வளவுதான். ஊர் ஜனங்களுக்கு நானும் டாக்டர்தான். திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அசல் டாக்டர் சௌந்தரபாண்டியன். நாங்குநேரிப் பக்கத்துக்காரர், எனக்கு மேலதிகாரி. அவரிடம் வேலை பார்ப்பது கஷ்டம். அவரிடம் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் பார்ப்பது அதைவிடக் கஷ்டம். ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் யாரிடமும் பேச மாட்டார். பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுப்பார், அதில் சிவப்பு சோப்பு இருக்கும். வாளியில் தண்ணீர் கேட்டு வாங்கி முழங்கை வரைக்கும் நுரைக்க நுரைக்கத் தேய்ப்பார். பக்கத்தில் நிற்கும் மாட்டுக்காரன் நடந்ததையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருப்பான். காதில் வாங்கியதாகவே தெரியாது, கண் மட்டும் மாட்டின் மேலேயே இருக்கும். கழுவி முடிக்கும்போது பாதி வைத்தியம் அவர் மனசில் முடிந்திருக்கும். அப்புறம் மாட்டின் காது மடலைப் பிடித்துப் பார்ப்பார், சூடாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்று. கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். நல்ல மாடு என்றால் வயிறு உள்ளிருந்து அந்த முஷ்டியைத் தள்ளும். தள்ளவில்லை என்றால் ‘பார்ப்போம்’ என்பார். சாகும் என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் அவருடைய பார்ப்போமைக் கேட்டாலே புதைக்க இடம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார், மோர் கொடுத்தால் குடிப்பார். என்னைத் திட்டுவதாக இருந்தால் திரும்பும் வழியில் மொபெட்டை ஓரம் கட்டிவிட்டுத்தான் திட்டுவார். மாட்டுக்காரன் முன்னால் ஒரு நாளும் திட்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் ரோட்டோரமெல்லாம் கம்பெனி எழும்பிக்கொண்டிருந்தது. நான் தடுப்பூசி போடப் போகும் தெருக்களில் வருஷத்துக்கு வருஷம் மாடு குறைந்து பைக் கூடிக்கொண்டே வந்தது. மதுரை, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள் ஒரு அறைக்கு ஆறு பேர், ஏழு பேர் என்று தங்கி ஷிப்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு டீ வேண்டும், டீக்குப் பால் வேண்டும். மாடு குறைந்த ஊரில் பாலுக்குக் கிராக்கி.

வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஏகாம்பரம் இருந்தான். அவனுக்கு விற்க நிலம் இல்லை. இந்தக் கதை முழுக்க அதுதான். அவன் பங்கை அவன் அப்பா காலத்திலேயே தங்கச்சிகள் கல்யாணத்துக்காகக் கொடுத்தாகிவிட்டது. அண்ணனுடைய பங்கு மட்டும் தப்பித்துக் கிடந்து, கம்பெனிக்காரன் கேட்ட நேரத்தில் விலை போனது. அண்ணன் மாடி வீடு கட்டினார், முன்பக்கம் முழுக்க டைல்ஸ். கிரகப்பிரவேசத்துக்கு ஏகாம்பரமும் அவன் பெண்சாதி கன்னியம்மாவும் விடிகாலையில் பால் கறந்துவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள். வாசலில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் எதிரிலும் அண்ணன் தம்பியைப் பார்த்து, வூடு புதுசு, சாணிக் காலோட வராத, கழுவிகினு வா என்று சொல்லிவிட்டார். குழாயடியில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது இவர் கண்ணைப் பார்த்தேன், அன்றைக்குப் பிடித்தது சார் இவருக்கு இந்தப் பேய் என்று கன்னியம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவர்களிடம் அப்போது மூன்று மாடு. ஒன்று செவலை, கன்னியம்மா பிறந்த வீடான மணிமங்கலத்திலிருந்து கன்றுக்குட்டியாக ஓட்டிக்கொண்டு வந்தது. மற்ற ரெண்டும் சின்ன ஜெர்சிக் கலப்பு. டீக்கடைக்கும் பையன்களின் அறைகளுக்கும் பால் ஊற்றினார்கள். சொந்தமாக ஓட்டு வீடு, பின்னால் சிமெண்டுத் தரை போட்ட கொட்டகை. பிள்ளைகள் இல்லை. கன்னியம்மா மத்தியானத்தில் ஒரு தூக்கம் போடுவாள். அந்த ஊரில் மத்தியானம் தூங்கிய ஒரே பெண்பிள்ளை அவள்தான் என்று நான் கேலி செய்வேன். "மூணு மாட்டுக்கு இதுக்கு மேல இன்னா சார் வேல கீது" என்று சிரிப்பாள்.

ஏகாம்பரம் பால் ஊற்றிய இடங்களில் ஒரு கம்பெனி கேண்டீனும் இருந்தது. கார் உதிரிப் பாகம் செய்யும் கம்பெனி, பெயர் வேண்டாம். கேண்டீனை ஒரு காண்ட்ராக்டர் நடத்தினார். ஒரு நாள் பின்கட்டில் மீந்த சோற்றை ஒரு டிரம் நிறையக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, சாமி இத எனக்குக் குடுத்துடுங்க என்று கேட்டிருக்கிறான். காண்ட்ராக்டருக்குக் குப்பை வண்டிச் செலவு மிச்சம். தாராளமாக எடுத்துக்கொள், ஆனால் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது, முழு டிரம்மையும் காலி பண்ண வேண்டும், இல்லாவிட்டால் பன்றி வளர்க்கிறவன் ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றாராம். மறுநாளே ஏகாம்பரம் ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கிவிட்டான்.

விஷயம் தெரிந்ததும் நான் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். மாட்டின் வயிறு வைக்கோலுக்காகச் செய்த வயிறு. அதில் வெந்த சோறு நிறைய விழுந்தால் புளித்துப் பொங்கி எல்லாம் அமிலமாகிவிடும். அமிலம் ரத்தத்தில் ஏறினால் மாடு தாங்காது. எங்கள் பகுதியில் நோய் வந்து செத்த மாட்டைவிட, கல்யாணச் சோறும் பொங்கல் சோறும் தின்று செத்த மாடுதான் அதிகம் என்று தோன்றும். டாக்டர் அன்றைக்கு வழக்கத்துக்கு விரோதமாக நிறையப் பேசினார். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்துக் காட்டி, ஒரு மாட்டுக்கு இது ஒண்ணு, வைக்கோலோடு பிசைந்து, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு, இதற்கு மேல் ஒரு கைகூடக் கிடையாது என்றார். அளப்பது நீதான் என்று கன்னியம்மாவிடம் அந்த மக்கைக் கொடுத்தார்.

அவளும் அப்படியே அளந்தாள். பால் கூடியது. இலவசத் தீனி, கூடுகிற பால். யாருக்குத்தான் கணக்கு ஓடாது? ஆனால் டிரம் முழுக்கக் காலி ஆக வேண்டும், மக்கு அளவோ அவ்வளவுதான். அப்படியானால் மாட்டைக் கூட்டு என்றுதானே புத்தி போகும். ஏகாம்பரம் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிச் சந்தையில் மாடு பிடித்தான். நாலு ஆனது, ஆறு ஆனது. ரெண்டு மூன்று வருஷத்தில் கொட்டகையில் பதினோரு மாடு நின்றது. கடைசியாக வந்தது ஒரு கறுப்பு வெள்ளை ஹெச்.எஃப்., நிறையக் கறக்கிற சீமை மாடு. பெரிய உடம்பு, தரையைத் தொடுகிற மாதிரி மடி. அண்ணனைக் கூட்டி வந்து காட்டினானாம்.

செவலைக்குச் சினை ஊசி போட நான் போயிருந்த ஒரு நாள், ரெண்டு பேரும் என் எதிரிலேயே சண்டை போட்டார்கள். கன்னியம்மா ஆளே இளைத்துப்போயிருந்தாள்.

"மூணு மாடா இருக்கச் சொல்ல, எது எவ்ளோ தின்னுச்சு, எது எப்டி சாணி போட்டுச்சுன்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள். "இப்ப எதுக்கு ஒடம்பு சரியில்லன்னே தெரில. போதும்யான்னு சொல்றேன், இந்தாளு கேக்கமாட்டேங்கறாரு."

ஏகாம்பரம் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "எங்கப்பனும் இப்டித்தான் சார், போதும் போதும்னுகினு செத்தான். நான் அடுத்தவன் வூட்டு வாசல்ல கால் கழுவிகினு நின்னேன். அது இவளுக்கு மறந்துபூட்ச்சு."

எனக்கு மறக்கல என்று அவள் முணுமுணுத்தாள். நான் ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். யார் பக்கம் பேசுவது? அவன் சொன்னதிலும் எனக்குத் தப்பு தெரியவில்லை. மனுஷனுக்கு நாலு பேர் எதிரில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று இருக்காதா?

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் பெரிய விருந்து. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சாப்பாடு. வெஜிடபிள் பிரியாணி, சாம்பார் சாதம், சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல். காண்ட்ராக்டர் மொத்தத் தலைக்கும் சமைத்துவிட்டார். தெற்கத்திப் பையன்களில் பாதிப் பேர் லீவு சேர்ந்து வருகிறதென்று முந்தின நாளே பஸ் ஏறிவிட்டது அவர் கணக்கில் இல்லை. வழக்கமாக ஒரு டிரம் மிஞ்சும் இடத்தில் அன்றைக்கு நாலு டிரம். ஏகாம்பரம் நாலு நடை வண்டி மிதித்திருக்கிறான். வேண்டாம் என்று சொன்னால் பன்றிக்காரனுக்குப் போய்விடும், அப்புறம் என்றைக்கும் அவனுக்குத்தான்.

சாயங்காலம் கன்னியம்மா மக்கில் அளந்து போட்டுவிட்டுப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஊற்றப் போயிருக்கிறாள். கொட்டகையில் ஏகாம்பரமும் நாலு டிரம் சோறும். நெய் மணக்கிற பொங்கல், முந்திரி போட்ட பிரியாணி. காலையில் ஊசிப்போகும். அவனும் சின்ன வயசில் சோற்றுக்குக் கஷ்டப்பட்டவன்தான், கொட்டிக் கவிழ்க்கக் கை வரவில்லை. மாடுகளும் வாசனைக்குக் கயிற்றை இழுத்திருக்கின்றன. ஒரு நாள்தானே, பண்டிகைதானே, வாயில்லாத ஜீவனும் சாப்பிடட்டும் என்று தொட்டி நிறைய நிறையப் போட்டிருக்கிறான். அவள் காலி கேனோடு திரும்பி வந்தபோது மாடுகள் தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் விஜயதசமி. பொழுது விடிந்து நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா தெருமுனையிலிருந்தே ஓடி வந்தாள், காலில் செருப்பு இல்லை.

"ஒண்ணுகூட அச போடல சார்" என்றாள்.

மாட்டோடு இருக்கிறவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. எஸ்.டி.டி. பூத்தைத் திறக்கச் சொல்லி டாக்டருக்குப் போன் பண்ணிவிட்டு ஓடினேன். கொட்டகையில் பதினோரு மாடும் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. ரெண்டு ஏற்கெனவே படுத்து, கழுத்தை மடக்கித் தலையை விலாவின் மேல் வைத்திருந்தன. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். தண்ணீராகக் கழிந்த சாணியில் புளித்த மாவு வாசனை. வயிற்றைப் பிடித்து ஆட்டினால் உள்ளே குடம் தளும்புகிற மாதிரிக் கேட்டது.

முதலில் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தேன். அந்த நிலைமையில் தாகத்துக்குத் தண்ணீரைக் குடித்தால் வயிறு இன்னும் பொங்கும். அடுத்து அமிலத்தை முறிக்க ஆப்ப சோடா. ஒரு மாட்டுக்கே கால் கிலோவுக்கு மேல் வேண்டும், பண்டிகை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்? ஏகாம்பரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, டீக்கடை டீக்கடையாகக் கதவைத் தட்டினான். பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்ப ஓடினான். பாட்டிலில் கரைத்து ஊற்றினோம். ஊற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. தலையை ரொம்பத் தூக்கக் கூடாது, நாக்கைப் பிடிக்கக் கூடாது, கடைவாய் ஓரமாக பாட்டிலைச் செருகி, மாடு முழுங்க முழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய் அதனாலேயே சாகும். பதினோரு மாடு சாகக் கிடக்கும்போது அவசரப்படாமல் ஊற்றிப் பாருங்கள், அப்போது தெரியும்.

டாக்டர் வந்தார். டப்பாவை எடுத்தார், வாளியில் கையை விட்டார், சோப்பைத் தேய்க்க ஆரம்பித்தார். கண் வரிசையாக ஒவ்வொரு மாட்டின் மேலும் போயிற்று. பாதியிலேயே தேய்ப்பதை நிறுத்திவிட்டு நுரையோடு நின்றார். அவர் அப்படி நின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பார்ப்போம் என்றுகூடச் சொல்லவில்லை.

நரம்பில் ஏற்ற மருந்து கொண்டுவந்திருந்தார், நாலைந்து மாட்டுக்குத்தான் வரும். மற்றவற்றுக்குச் சோடாவும் கடலை எண்ணெயும்தான். வயிற்றைக் கிழித்து உள்ளே இருக்கும் சோற்றைக் கையால் வாரி வெளியே போட்டால் ஒழிய பிழைக்காது என்கிற கட்டத்துக்கு எல்லாமே வந்துகொண்டிருந்தன. என்னைக் கொட்டகைக்கு வெளியே கூப்பிட்டார்.

"ஒண்ணத்தான் அறுக்க முடியும்வே" என்றார். "மரக்க வைக்க மருந்து அவ்வளவுதான் இருக்கு. இத முடிக்கிறதுக்குள்ள மத்தது போயிரும். எதைன்னு கேளும். செவலைக்கு முழி இன்னும் உள்ள போகல, அது தாங்கும். அந்தக் கறுப்பு வெள்ளைப் பெருசு தாங்காது."

நான் உள்ளே போய் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ரெண்டு பேரிடமும் சொன்னேன். செவலைக்கு அப்போது ஏழு மாதச் சினை. கன்னியம்மா அதன் திமிலில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லி முடித்ததும் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

ஏகாம்பரம் நேராகப் போய் டாக்டர் காலில் விழுந்தான். "செவலைய வெச்சுகினு நான் இன்னா சார் பண்ணுவேன், அது பாலு ஒரு சொம்புகூட வராது. வூடே அடமானத்துல கீது. இந்தப் பெருசு ஒண்ணு நின்னா போதும் சார். மீதிய நான் எப்டியாவது பொரட்டிடுவேன். இது ஒண்ணு போதும் சார்."

அவன் வாயிலிருந்து போதும் என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் அவனைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கன்னியம்மாவைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத?"

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். செவலையைச் சொல்லு, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் ராத்திரி தூக்கம் வராதபோது கத்துகிறேன்.

"அவரு சொல்றதையே செய்ங்க சார்" என்றாள். செவலையின் கயிற்றை அவிழ்த்து வெளியே கூட்டிப் போய்விட்டாள். நடக்க வைத்தால் வயிறு கொஞ்சம் அசையும் என்று நான்தான் காலையில் சொல்லியிருந்தேன்.

பெருசை நிற்க வைத்தே அறுத்தோம். இடது பக்கம் முடியைச் சிரைத்து, தண்டுவடத்தை ஒட்டி மரக்கும் ஊசி போட்டு, தோலை, சதையை ஒவ்வொன்றாகத் திறந்து, இரைப்பையைப் பிடித்து வெளியே இழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்தார், உள்ளே இருப்பது குடல் மேல் சிந்தாமல் இருப்பதற்காக. பிறகு இரைப்பையைக் கீறினார். தோள் வரைக்கும் கையை விட்டு வாரியது நான். சோறு, சோறு, சோறு. அப்படியே முழுசு முழுசாக. கையில் முந்திரி வந்தது. திராட்சை வந்தது. பாதி வடை வந்தது. புளித்த நாற்றத்துக்கு நடுவில் ஏலக்காய் மணந்தது. நான் இந்த உத்தியோகத்தில் பார்க்காத அசிங்கம் இல்லை, அந்த ஏலக்காய் வாசனைக்குத்தான் எனக்குக் குமட்டியது. இன்று வரைக்கும் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

வாரிக் கழுவி, செரிமானம் திரும்பட்டும் என்று பக்கத்து வீட்டு நல்ல மாட்டின் வாயிலிருந்து அசை போட்ட கவளத்தைப் பிடுங்கி உள்ளே வைத்து டாக்டர் தைத்துக்கொண்டிருந்தபோது வெளியே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. டாக்டர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. கன்னியம்மாவின் குரல் கேட்கவே இல்லை, அதிலிருந்து எது விழுந்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் எட்டு மாடு போய்விட்டது. பெருசு நின்றது. ஏகாம்பரம் அதன் காலடியிலேயே உட்கார்ந்து வைக்கோலை ஒவ்வொரு தாளாக நீட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அதுவும் படுத்து, எழுந்திருக்கவே இல்லை. பிழைத்தவை ரெண்டு. ரெண்டும் சோப்ளாங்கி மாடுகள். மற்ற மாடுகள் முட்டித் தள்ளியதில் தொட்டியில் ரெண்டு வாய்க்கு மேல் தின்ன முடியாமல் நின்றவை. கடன் கொடுத்தவர் அந்த வாரமே வந்து ரெண்டையும் ஓட்டிக்கொண்டு போனார். இன்ஷூரன்ஸ் இருந்ததா என்று கேட்பீர்கள். சந்தையில் வட்டிக் கடனுக்குப் பிடித்த மாட்டுக்கு யார் இன்ஷூரன்ஸ் போடுவார்கள்?

புதைக்க இடமில்லை. பக்கத்தில் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபிக்காரர் ஏரிக்கரை ஓரம் வந்து குழி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. செவலையை இறக்கும்போது வயிற்றில் இருந்த கன்றின் கால் தோலுக்கு அடியில் முட்டிக்கொண்டு தெரிந்தது. கன்னியம்மா முந்தானையைக் கிழித்து அதன் மேல் போட்டுவிட்டு வெறும் ரவிக்கையோடு நின்றாள். யாரோ ஒரு துண்டைக் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் டாக்டர் மொபெட்டை ஓரம் கட்டினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் போய் முடிகிற வரைக்கும் நின்றுவிட்டு வண்டியை எடுத்தார். அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த ஜில்லாவுக்கே போய்விட்டார்.

ஏகாம்பரம் தூக்கில் கீக்கில் தொங்கிவிடுவானோ என்று பயந்தேன். அதெல்லாம் செய்யவில்லை. அந்தச் சோறு தந்த கம்பெனியிலேயே லோடிங் வேலைக்குப் போனான். டிரம் பன்றிக்காரனுக்குப் போயிற்று. அண்ணன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, எனக்கு அப்பவே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். சொல்லக்கூடிய ஆள்தான்.

அந்தத் தெருவுக்குப் போவதை நான் கூடியவரை தவிர்த்தேன். நாலைந்து வருஷம் கழித்துக் கோமாரித் தடுப்பூசிக்காக வீடு வீடாகப் போக வேண்டி வந்தது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய வாசலில் நின்று கன்னியம்மா என்று கூப்பிட்டேன். பனியனோடு ஒரு பையன் எட்டிப் பார்த்து, யாரு வேணும் அண்ணாச்சி என்றான். உள்ளே இன்னும் நாலைந்து பேர் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள். ஹவுஸ் ஓனர் பின்னாடி இருக்காங்க என்று கையைக் காட்டினான்.

பின்னால் கொட்டகை. சுற்றிலும் தகரம் அடித்து மறைத்திருந்தது. கன்னியம்மா வெளியே வந்தாள். நரைத்துப்போயிருந்தாள், சிரித்தாள். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம் சார், வர்ற வாடகை வட்டிக்கே சரியாகப் போய்விடுகிறது, இவர் டே ஷிப்ட் என்றாள். அவளுக்குப் பின்னால் உள்ளே அடுப்பு தெரிந்தது, கொடியில் துணி, பழைய சிமெண்டுத் தரை, அதில் மாட்டு மூத்திரம் ஓடுவதற்காக வெட்டிய வாய்க்கால். அதன் மேல் பலகை போட்டுத் தண்ணீர்க் குடம் வைத்திருந்தாள்.

ஐஸ் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தேன். சின்னதாக ஒரு மாடு வாங்கிக் கட்டும்மா, லோனுக்கு நான் எழுதித் தருகிறேன், உனக்குத்தான் பெரிய ஆசை எதுவும் கிடையாதே, ஒன்று இருந்தால் போதுமே என்றேன்.

"போதும்னு சொல்றதுக்கும் கையில எதுனா இருக்கணும் சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்டவனுக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அப்புறம் நான் சங்கடப்படுகிறேன் என்று நினைத்தோ என்னவோ, கொட்டகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைச் சமாதானம் செய்தாள்.

"ஒண்ணு வாங்கினாலும் கட்டுறதுக்கு எடம் எங்க சார் கீது. அங்க நாங்க கீறோம்ல."